மூக்குக் கத்தரியும் உன் அத்தையின் கூந்தலும்

இரங்கூன், பசுந்தாங்
அக்ஷய வருஷம் மாசி மாதம்

என் கண்ணான மகள் ஜெயம்மாளுக்கு உன் அம்மா ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. முருகன் புண்ணியத்தில் இங்கே நாங்கள் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி எழுந்திருக்கிறோம். அதுபோல நாகப்பட்டினத்தில் நீயும் மாப்பிள்ளை சபாபதியும் என் பேரன் குழந்தைவேலுவும் உன் மாமனார் மாமியாரும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நீ எழுதி நான் படிக்க வேண்டும்.

உன் கடுதாசி கிடைத்தது. கப்பலில் வந்த யாரோ உன் அப்பா முகம் வீங்கிப் படுத்திருக்கிறார், கண் போய்விடும் என்று சொன்னதாகவும், நீ சோறு இறங்காமல் அழுவதாகவும், அம்மா ஏன் மறைக்கிறாய் என்றும் எழுதியிருக்கிறாய். மறைத்தது உண்மைதான், பால் கொடுக்கிறவளுக்கு இதையெல்லாம் எழுதக் கூடாது என்று மறைத்தேன். இப்போது சுகமாகிவிட்டது. முதலில் அதைத் தெரிந்துகொண்டு கண்ணைத் துடைத்துக்கொள், மற்றதைப் பிறகு படி. உன் அப்பா நேற்று மில்லுக்குப் போய் வந்து மீன்குழம்பில் உப்புக் குறைவு என்று என்னோடு சண்டை போட்டார், அந்த அளவுக்கு நன்றாக இருக்கிறார்.

நடந்ததைச் சொல்கிறேன். ஆவணி மாதம் நீ பிரசவ வலியில் கிடக்கிறாய், குழந்தை திரும்பவில்லை, இரண்டு உயிரும் சந்தேகம் என்று தந்தி வந்தது அல்லவா, அன்றைக்கு உன் அப்பா ஈர வேட்டியோடு முருகன் சந்நிதியில் விழுந்து, என் மகளையும் அவள் வயிற்றுப் பிள்ளையையும் கொடுத்துவிடு, வரும் பங்குனி உத்திரத்தில் என் உடம்பு மயிர் எல்லாவற்றையும் உனக்கு இறக்குகிறேன், அதுவரைக்கும் எந்த மயிரிலும் கத்தி கத்தரி படாது என்று வேண்டிக்கொண்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். தலை என்று சொல்லும், தாடி மீசை என்று சொல்லும், எல்லா மயிரும் என்று ஏன் சொல்கிறீர் என்று அப்போதே எனக்குத் தோன்றியது, ஆனால் அந்த நேரத்தில் யார் வாயைத் திறப்பார்கள். மறுநாள் நல்ல தந்தி வந்துவிட்டது. முருகன் தன் பேச்சைக் காப்பாற்றிவிட்டான், இனி நம் பேச்சைக் காப்பாற்ற வேண்டியது நாம் என்று உன் அப்பா சாமியார் மாதிரி தாடி வளர்த்துக்கொண்டு மில்லுக்குப் போய் வந்தார். தாடியால் ஒரு கெடுதலும் இல்லை. கெடுதல் மூக்கில் வந்தது.

தை பிறந்ததும் மில்லில் நெல் அரைவை மும்முரமாகிவிடும், உமிக் கிடங்கு மேஸ்திரி வேலை எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும், நீயே சின்ன வயதில் அவருக்குச் சோறு கொண்டுபோய்த் தும்மித் தும்மித் திரும்பி வருவாய். வேண்டுதலுக்கு முன்னால் அம்பட்டன் வாரம் ஒருமுறை வந்து தாடியோடு மூக்கையும் பார்த்துவிட்டுப் போவான். இப்போது அது இல்லை. மூக்கு மயிர் வளர்ந்து வெளியே நீட்டி, உமித் தூசி அதில் அப்பிக்கொண்டு, அரிப்புத் தாங்காமல் கை தானாக அங்கே போகும். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து ஒவ்வொன்றாகப் பிடுங்குவார், கண்ணில் தண்ணீர் கொட்டும். ஏன் இந்தக் கர்மம் என்றால், கத்தி படக் கூடாது என்றுதான் வேண்டினேன், பிடுங்கக் கூடாது என்று வேண்டவில்லை என்பார். பிடுங்கினதைக் கிழிந்த வேட்டித் துண்டில் முடிந்து வெற்றிலைப் பெட்டிக்குள் போட்டு வைத்திருந்தார், பங்குனியில் தலைமயிரோடு சேர்த்துக் கொடுக்க வேண்டுமாம். இப்படி ஒரு கணக்கு உன் அப்பாவைத் தவிர யாருக்கு வரும். மூக்கை மூடிக் கட்டிக்கொள்ளும் என்று ஒரு துணி தைத்துக் கொடுத்தேன், இஞ்சின் சூட்டில் மூச்சு முட்டுகிறது என்று அதைத் தலையில் முண்டாசாகக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

பொங்கல் கழிந்து மூக்குக்குள் ஒரு கட்டி வந்தது. முதலில் பருப்பு மாதிரி இருந்தது, பிறகு மூக்கு முழுவதும் சிவந்து, கன்னம் வீங்கி, ஒரு கண் மூடிக்கொண்டது. குளிர் ஜுரம். பெயரைச் சொல்லிப் பிதற்றினார், உன் பெயரைத்தான். பர்மாக்காரப் பெண் மா தின், அடுத்த வீட்டில் மீன்குழம்பு ஊற்றி மொஹிங்காச் சேமியா விற்கிறாளே, அவள்தான் ரிக்ஷா பிடித்துக் கொடுத்து டிஸ்பென்சரி வரைக்கும் கூடவே ஓடி வந்தாள். அவள் நன்றாக இருக்க வேண்டும், அவள் ங்காப்பி மீன் விழுதின் வாசனையைப் பற்றி நான் முன்பு சொன்னதை எல்லாம் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அங்கே வங்காளி டாக்டர் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, மயிரைப் பிடுங்கின வேர் வழியாகத்தான் விஷம் ஏறியிருக்கிறது, மூக்கிலிருந்து ரத்தம் கண்ணுக்கும் மூளைக்கும் நேராகப் போகிற இடம் இது, இதைக் கிள்ளினாலும் அழுத்தினாலும் ஆள் மிஞ்சமாட்டான் என்று இந்துஸ்தானியில் சொன்னார். வெந்நீர் ஒத்தடமும் போரிக் தண்ணீரும் களிம்புமாக மனிதர் எழுந்து உட்கார்ந்தார். டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, இனிப் பிடுங்கவே கூடாது, முனை மழுங்கின சின்னக் கத்தரி ஒன்று வாங்கி வெட்டிவிடு, இன்னொரு கட்டி வந்தால் என்னிடம் கொண்டுவந்து பிரயோசனம் இல்லை என்றார். அப்படிச் சொன்ன பிறகும், மில்லுக்குப் போன அந்த வாரமே மூக்கின் மறுபக்கம் சிவந்திருப்பதைப் பார்த்தேன். கை திரும்பவும் அங்கே போயிருக்கிறது.

கத்தரி வாங்கப் புறப்பட்டேன். வீட்டில் இருக்கும் தையல் கத்தரி ஊசி மாதிரி கூர், அது மூக்குக்குள் போனால் டாக்டர் சொன்னதை நாமே செய்தது போலாகிவிடும். புதிதாகத் திறந்திருக்கிறார்களே ஸ்காட் மார்க்கெட், அங்கே போனேன். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் தலையில் எண்ணெய் வழிய ஒரு பையன், ஜெர்மன் சாமான் என்று ஒரு சின்னக் குழாயை எடுத்துக் காட்டினான். அடியைத் திருகினால் உள்ளே கத்தி சுற்றுகிறது. மூக்கில் வைத்துத் திருகினால் போதும் அம்மா, துரைமார் எல்லாம் இதைத்தான் வாங்குகிறார்கள் என்றான். துரைமார் வாங்குவது இருக்கட்டும், துடைப்பம் எங்கே என்று கேட்டு ஒரு நாரை ஒடித்து அதன் வாயில் விட்டுத் திருகச் சொன்னேன். வெட்டவில்லை, கவ்விப் பிடித்து இழுத்தது. வேரோடு இழுக்கிறதற்கு அவருக்கு இரண்டு விரலே போதும், இதற்கு ஜெர்மனி எதற்கு என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்னொரு கடையில் கொக்கு மாதிரி மூக்கு நீண்ட கத்தரி, பார்க்க அழகு, பூவேலைக்கு ஆகும். வேறொருத்தன் புருவம் பிடுங்குகிற சாமணத்தை நீட்டினான், அவனைத் தாண்டி நடந்தேன்.

கடைசியில் எங்கே போனேன் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். அத்தரும் துணியும் சில்லறைச் சாமானும் விற்கிற முகல் தெரு காஜா மைதீன் கடைக்குப் போனேன். நீ பாவாடை கட்டாத வயதில் அந்தக் கடையில் நான் ஒரு பல்பொடி டப்பாவைக் கையில் எடுக்க, அந்த மனிதர் கடை முழுக்க ஆட்கள் இருக்கும்போது, என்னம்மா தலைகீழாப் புடிச்சிருக்கீங்க, எழுத்து தெரியாதோ என்று கேட்டார். பச்சைச் சேலைக்காரி ஒருத்தி சிரித்தாள், வெற்றிலை மென்றுகொண்டு ஒரு செட்டியார் சிரித்தார், இரண்டு பேர் முகமும் இன்றைக்கும் எனக்கு அடையாளம் தெரியும். அன்றைக்கு வெளியே வந்தவள்தான். நீ பலகையில் அ ஆ எழுதும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து கரித்துண்டால் தரையில் எழுதினேனே, அதெல்லாம் அந்தக் கோபத்தில்தான். எழுத்துக்கூட்ட வந்ததும் முதலில் அந்தக் கடைப் பலகையைத்தான் தெருவில் நின்று படித்தேன், உள்ளே போகவில்லை. இப்போது உன் அப்பாவுக்காக உள்ளே போனேன். தாடி வெளுத்துப் போயிருக்கிறார். வாங்க தாயீ, என்னா வேணும் என்றார், என்னை அடையாளம் தெரியவில்லை. அது எனக்கு இன்னும் கோபமாக இருந்தது. சொன்னேன். பல்பொடி, பச்சைச் சேலை, செட்டியார், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். மனிதர் முழங்கோலைக் கீழே வைத்துவிட்டு, அல்லாவே, அந்த வயசுல இந்த வாயி எத்தனை பேரை என்னென்ன சொல்லுச்சோ, திரும்பி வந்து முகத்துக்கு நேரா கேட்டது நீங்க ஒருத்தங்கதான் தாயீ, பொறுத்துக்குங்க என்று கையைக் கூப்பினார். அப்படிச் சொன்ன பிறகு என்ன செய்வது. பாதிக் கோபத்தை விட்டுவிட்டேன்.

விஷயத்தைச் சொன்னதும் அவரே மூன்று கத்தரிகளை எடுத்துத் துணியில் பரப்பினார். மூன்றுக்கும் முனை உருண்டையாக, மணி வைத்தது போல இருந்தது. ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் குத்திப் பார்த்தேன், வலிக்கவில்லை. ஒன்றுக்கு ஆணி ஆடியது, ஆடினால் மயிர் இரண்டு அலகுக்கும் நடுவில் மடங்கி மாட்டிக்கொள்ளும், அது வேண்டாம் என்றேன். இன்னொன்றின் வளையம் சின்னப் பிள்ளை விரல்தான் போகும், உன் அப்பா விரல் மூங்கில் கணு மாதிரி இருக்கும் அல்லவா. மூன்றாவது நன்றாக இருந்தது. என் கொண்டையிலிருந்து ஒரு மயிரைப் பிடுங்கி, நனைத்து, ஒற்றை மயிரை வெட்டிப் பார்த்தேன், சத்தமே இல்லாமல் விழுந்தது. காய்ந்த மயிரை எந்தக் கத்தரியும் வெட்டும், ஈர மயிரை வெட்டுவதுதான் கத்தரி. அத்தர் விக்கிறவனுக்கு மூக்குதான் சோறு போடுது, நானும் இதுதான் வச்சிருக்கேன் என்று அவர் வழிமுறையும் சொல்லிக் கொடுத்தார். முகம் கழுவின பிறகு, ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்து உட்கார்ந்து, வெளியே எட்டிப் பார்க்கிறதை மட்டும் வெட்ட வேண்டும், உள்ளே இருப்பது தூசிக்கு ஆண்டவன் வைத்த சல்லடை, அதைத் தொடக் கூடாது, முன்னும் பின்னும் வெந்நீரில் அலசித் துடைக்க வேண்டும். விலையை எழுதமாட்டேன், உன் மாமியாரும் இதைப் படிப்பாள்.

இவ்வளவு பாடுபட்டு வாங்கிவந்து முன்னால் வைத்தால், உன் அப்பா அதைத் தொடமாட்டேன் என்றுவிட்டார். கோயில் பண்டாரத்தைக் கேட்டேன், அவரும் மூக்குக்குள் இருப்பதை எந்தச் சாமி கேட்டது அம்மா என்று சிரித்துவிட்டு வெட்டச் சொன்னார். உன் அப்பா கேட்கவில்லை. சொன்னவன் நான், எல்லா மயிரும் என்று சொல்லிவிட்டேன், என் மகளும் பேரனும் இன்றைக்கு மூச்சு விடுவது அந்தச் சொல்லில், நான் அதை மீறி அங்கே பிள்ளைக்கு ஒரு ஜுரம் என்று தந்தி வந்தால் என்ன செய்வேன், எனக்குக் கண் போனால் போகட்டும் என்றார். அந்தப் பக்கம் மூக்கு நாளுக்கு நாள் சிவக்கிறது. இவர் பயமோ உன் மேலும் பிள்ளை மேலும். பங்குனி உத்திரத்துக்கு இன்னும் எத்தனையோ நாள் இருந்தது. அவர் தூங்கும்போது வெட்டிவிடலாமா என்றுகூட நினைத்தேன், கத்தரியை மூக்குக் கிட்டே கொண்டுபோய்விட்டேன், பிறகு தெரிந்தால் மனிதர் உயிரோடு சாவார் என்று திரும்ப வைத்துவிட்டேன்.

அவர் ஒருத்தி பேச்சைத்தான் கேட்பார். அவரைத் தூக்கி வளர்த்த அக்காள், போட்டாதாங்கில் இருக்கிற காளியம்மா, உன் அத்தை. உன் கல்யாணத்தில் சம்பந்திமார் எல்லாம் உட்கார்ந்திருக்கும்போது உன் சடையைக் கையில் தூக்கிக் காட்டி, இது என்ன எலிவாலா, நாரை வச்சுப் பின்னுங்கடி என்று சொன்னவள். தன் கூந்தல் முழங்காலைத் தொடுகிறது என்ற திமிர். பர்மாப் பெண்களே, மயிருக்கு அவ்வளவு பார்க்கிறவர்கள், அவளை நிறுத்தி வைத்துத் தொட்டுப் பார்ப்பார்கள். அன்றிலிருந்து நல்லது கெட்டதுக்குப் போனாலும் அவளோடு நான் பேசினதில்லை. அவள் வீட்டுப் படி ஏறினேன். படித்துறை வேலைக்குப் போகும் அவள் புருஷனுக்குச் சோறு கட்டிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்காமல், யாரு, சொர்ணமா, வழி தெரிஞ்சு வந்தியா வழி தப்பி வந்தியா என்றாள். அண்ணி, உங்க தம்பி செத்துப்போவாரு, நீங்க வரணும் என்றேன். உட்கார வைத்து எல்லாவற்றையும் கேட்டாள். ஒரு கேலியும் செய்யவில்லை, அதுவே எனக்குப் பயமாக இருந்தது. நாளைக்குக் காலைல வர்றேன், அந்தக் கத்தரியக் கழுவி வை என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் வந்தாள். முக்காடு போட்டுக்கொண்டு ரிக்ஷாவிலிருந்து இறங்கினாள், வெயிலுக்காக்கும் என்று நினைத்தேன். உள்ளே வந்து உன் அப்பா முன்னால் நின்று முக்காட்டைத் தள்ளினாள். மொட்டை. சந்தனம் பூசி இன்னும் காயவில்லை. வாசலில் நின்ற மா தின் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அத்தை உன் அப்பா பெயரைச் சொல்லி, புருஷன் பெயரை நான் எழுதக் கூடாது, டேய் என்று கூப்பிட்டு, உன் மூக்குல இருக்குற நாலு மயிருக்கு ஈடா என் தலையில இருந்தது பூராவும் முருகனுக்குக் குடுத்துட்டு வர்றேன்டா. உன் தலையும் தாடியும் நீ சொன்னபடி உத்திரம் வரைக்கும் நிக்கட்டும், மூக்கை மட்டும் நான் மீட்டுட்டேன். எம் மருமகளுக்கும் பேரனுக்கும் ஒண்ணும் ஆகாது, ஆச்சுன்னா அவன் எனக்குப் பதில் சொல்லணும். உக்காரு வெளிச்சத்துல என்றாள். உன் அப்பா அந்தத் தலையைத் தொட்டுப் பார்த்தார். அக்கா, அக்கா என்றார். சின்னப் பிள்ளை மாதிரி ஜன்னல் பக்கம் முகத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அவளேதான் வெட்டினாள். மூச்சை விடாதடா, மூஞ்சில அடிக்குது, ஆட்டாதடா, எருமை என்று திட்டிக்கொண்டே வெட்டினாள். நடுவில் அவர் தும்ம, அவள் கத்தரியோடு பின்னால் தாவ, நான் சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை. எலிவால் என்று சொன்னவள் தலையில் இப்போது அந்த வாலும் இல்லை, என் குணத்துக்கு நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். சத்தியமாகச் சொல்கிறேன் ஜெயம்மா, ஒரு துளி சந்தோஷம் வரவில்லை. காலில் விழுந்தேன். எந்திரிடி, கத்தரியைத் துடைச்சு வை, துருப்பிடிக்கும் என்றாள்.

சிவப்பு வடிந்துவிட்டது. வங்காளி டாக்டர் பார்த்துவிட்டு இப்படியே வைத்துக்கொள் என்றார். வாரம் ஒருமுறை அத்தை வருகிறாள், அவள் கையால்தான் வெட்ட வேண்டுமாம், நான் வெட்டினால் உன் அப்பா நெளிகிறார். டாக்டரையும், கத்தரி எடுத்துக் கொடுத்த காஜா மைதீனையும், ரிக்ஷாவோடு ஓடிவந்த மா தின்னையும் நினைத்து விளக்கேற்றும்போது ஒரு கும்பிடு போடுகிறேன். உன் அத்தைக்குத் தனிக் கும்பிடு. நீயும் போடு.

அதே கத்தரியில் இன்னொன்று வாங்கியிருக்கிறேன், அடுத்த கப்பலில் வருகிற அஸ்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன், காஜா மைதீனின் மகள்தான், நாகூருக்கு வருகிறாள். அது மாப்பிள்ளைக்கு. கல்யாண மணையில் உட்கார்ந்து ஐயர் மந்திரம் சொல்லும்போதே அவர் இரண்டு விரலால் பிடுங்கினதை நான் பார்த்தேன், மறக்கவில்லை, மரியாதைக்குச் சொல்லாமல் இருந்தேன். நீ சொல்கிற விதத்தில் அவரிடம் சொல்லி, கத்தரியை உப்புக் காற்றில் துருப்பிடிக்காமல் எண்ணெய் தொட்டு வை. பிள்ளை மூக்கில் அழுக்கு இருந்தால் விரலால் நோண்டாதே, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் துணி முனையால் எடு. உன் மாமியார் பிள்ளை நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டுச் சேனை வைத்த நாளில் என் பெயரைச் சொல்ல மறந்தாள், அதைப் பற்றி நான் இப்போது ஒன்றும் எழுதவில்லை.

நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த வீட்டோடும் இருக்க அப்பாவும் நானும் மனசார ஆசீர்வாதம் செய்கிறோம். பங்குனி உத்திரத்தன்று இங்கே அப்பா மொட்டை போடுகிற நேரத்தில் நீ அங்கே பிள்ளையைக் குளிப்பாட்டி விபூதி வைத்து விளக்கேற்ற மறக்காதே. அத்தைக்கு உன் கைப்பட எழுது. அவள் இத்தனை வருஷம் தலைக்குக் காய்ச்சிய எண்ணெய்ப் பாட்டிலை நேற்று என் மாடத்தில் கொண்டுவந்து வைத்து, எனக்கு இப்ப எதுக்கு, உன் மகளுக்கு அனுப்பு, எலிவாலு பூனைவாலாவாவது ஆகட்டும் என்றாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கி வைத்தேன். நானும் முருகனிடம் ஒன்று வேண்டியிருக்கிறேன். அவள் முடி தோளைத் தொடுகிற வரைக்கும் அவளோடு சண்டை போடமாட்டேன். கொஞ்சம் மெதுவாக வளரட்டும் என்றும் கேட்டிருக்கிறேன், பேச்சுத் துணைக்கு நன்றாக இருக்கிறாள்.

இப்படிக்கு,
உன்னையே நினைத்திருக்கும் அம்மா
சொர்ணம்மாள்
(என் கைப்பட எழுதியது, யாரும் எழுதித் தரவில்லை)